இரவில் மான் வேட்டை: இங்கிலாந்துச் சட்டம் யாருக்குப் பயந்தது?

போன தவணையில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஒரு கருத்துணர் பகுதி கொடுத்திருந்தேன். வனவிலங்குப் பாதுகாப்பு பற்றியது. இங்கிலாந்தில் இரவு நேரத்தில் மானைச் சுடுவது தனிக் குற்றம் என்று அதில் ஒரு வரி வரும். பின்வரிசையில் எப்போதும் தூங்கி வழிகிற ஒரு பையன் அன்றைக்குக் கை தூக்கினான்.

“டீச்சர், பகல்ல சுட்டாலும் மான் செத்துத்தானே போகும்? ராத்திரியில சுட்டா மட்டும் ஏன் தனிக் குற்றம்?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பதில் என்னிடம் இல்லை. “நல்ல கேள்வி, அடுத்த வாரம் சொல்றேன்” என்று சமாளித்துவிட்டு வந்தேன். அந்த ஒரு வாரம் நான்கு வாரமாக நீண்டது. தேடப் போனால், அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒன்பது நூற்றாண்டுக் கதை கிடக்கிறது. கண்ணைப் பிடுங்கியது, தூக்கில் போட்டது, கப்பலேற்றியது எல்லாம் அதில் உண்டு. சட்டம் முதலில் பயந்தது மானுக்காக அல்ல, மனிதனுக்கு. அந்தப் பயம் மெல்ல மெல்ல மானின் பக்கம் திரும்பிய கதைதான் இது. உயர்நிலை வரலாறு எடுக்கும் மாணவர்களுக்கும், சட்டம், நீதி பற்றிக் கட்டுரை எழுதுபவர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

அரசனின் காடு

1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றார். வென்ற கையோடு பெரும் நிலப்பரப்புகளை ‘அரசவனம்’ என்று அறிவித்தார். தெற்கே இருக்கும் ‘நியூ ஃபாரஸ்ட்’ அப்படி உருவானதுதான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலச் சட்டத்தில் வனம் என்றால் மரம் அடர்ந்த இடம் என்று பொருள் இல்லை. வனச்சட்டம் செல்லுபடியாகும் எல்லை என்றுதான் பொருள். அந்த எல்லைக்குள் ஊர் இருக்கும், வயல் இருக்கும், மாடு மேய்க்கும் மனிதர்கள் இருப்பார்கள். உன் வயலிலேயே அரசனின் மான் வந்து மேய்ந்தாலும் நீ அதைத் தொட முடியாது. மானுக்குத் தீனியும் மறைவிடமும் கொடுக்கிற செடிகொடிகளை வெட்டினாலும் குற்றம்.

வில்லியம் இறந்த 1087-ஆம் ஆண்டுக் குறிப்பில், ஆங்கிலேய மடத்துத் துறவி ஒருவர் அவருடைய சட்டத்தைக் கசப்போடு பதிவு செய்திருக்கிறார்: கலைமானையோ பெண்மானையோ கொன்றவனுக்குக் கண் போகும். வனத்துக்குள் வசிப்பவர்கள் வளர்த்த பெரிய நாய்களுக்கும் தண்டனை இருந்தது. மானைத் துரத்திப் பிடிக்காமல் இருக்க, முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிடுவார்கள். நாய் என்ன பாவம் செய்தது என்று கேட்காதீர்கள்!

இந்தக் கடுமை நீண்ட காலம் தாங்கவில்லை. 1215-இல் வந்த மாக்னா கார்ட்டாவை நம் பாடநூல் படித்த எல்லாருக்கும் தெரியும். இரண்டு ஆண்டு கழித்து, 1217 நவம்பரில், சிறுவன் மூன்றாம் ஹென்றியின் பெயரில் இன்னொரு சாசனம் வந்தது. அதன் பெயர் ‘வன சாசனம்’. மாக்னா கார்ட்டா பெரும்பாலும் பிரபுக்களின் குறைகளைப் பேசியது. வன சாசனம் விறகு பொறுக்குகிறவன், பன்றி மேய்க்கிறவன் வரைக்கும் இறங்கி வந்தது. இனிமேல் மானுக்காக யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்று அது சொன்னது. பிடிபட்டவன் அபராதம் கட்ட வேண்டும். கட்ட வழியில்லை என்றால் ஓர் ஆண்டும் ஒரு நாளும் சிறை. அதன் பிறகு பிணை நிற்க ஆள் கிடைத்தால் விடுதலை, கிடைக்காவிட்டால் நாட்டை விட்டே போக வேண்டும்.

அதே சாசனத்தில் இன்னொரு விதி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பேராயரோ பிரபுவோ வனத்தின் வழியே போகும்போது ஒன்றிரண்டு மான்களை வேட்டையாடிக்கொள்ளலாம். வனக்காவலர் பக்கத்தில் இருந்தால் அவர் கண் முன்னால் செய்ய வேண்டும். அவர் இல்லை என்றால்? கொம்பு ஊத வேண்டும்! களவாகச் செய்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கொம்பு.

இந்தக் கொம்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மானைக் கொல்வது குற்றமா இல்லையா என்பதை மானின் சாவு தீர்மானிக்கவில்லை. ஒளித்துச் செய்தானா, வெளிப்படையாகச் செய்தானா என்பதுதான் தீர்மானித்தது. ஏழைக்குக் கொம்பு ஊதும் உரிமை கிடையாது என்பது வேறு விஷயம். அவன் ஊதினால் காவலர்தான் ஓடி வருவார்.

கைநிறைய இரத்தம், ஆனால் முகம் தெரியவில்லை

இடைக்கால வனச்சட்டத்தில் ஒருவனைப் பிடிக்க நான்கு அடையாளங்கள் சொல்லியிருந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் மேன்வுட் என்ற வழக்கறிஞர் வனச்சட்டங்களைத் தொகுத்தபோது இவற்றை எழுதி வைத்தார். வில்லோடு அல்லது நாயோடு பாயத் தயாராக நிற்பது ஒன்று. காயம்பட்ட மானை நாயை விட்டுத் தேடிப் போவது இரண்டு. செத்த மானை முதுகில் சுமந்து வருவது மூன்று. கையில் இரத்தக்கறை இருப்பது நான்கு.

நான்குமே கண்ணால் பார்க்க வேண்டிய சாட்சிகள். பார்க்கிற காவலர் ‘இவன் இன்னாருடைய மகன்’ என்று அடையாளம் சொல்ல வேண்டும். பகலில் இது நடக்கும். இருட்டில்? அதுவும் முகத்தில் கரி பூசிக்கொண்டு, நீளமான பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு வந்தால்?

அப்படியும் வந்தார்கள். 1451-இல் கென்ட் மாவட்டத்தில் பென்ஸ்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் பக்கிங்ஹாம் பிரபுவுக்குச் சொந்தமான மான் பூங்காவுக்குள் ஒரு கூட்டம் புகுந்தது. முகத்தில் கரி, தாடையில் பொய்த்தாடி. யார் நீங்கள் என்று கேட்டால், ‘நாங்கள் தேவதை அரசியின் வேலைக்காரர்கள்’ என்றார்களாம். கேட்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் முந்தைய ஆண்டுதான் அதே கென்ட்டில் ஜாக் கேட் என்பவன் தலைமையில் ஒரு பெரும் கலகம் வெடித்து, கலகக்காரர்கள் லண்டனுக்குள்ளேயே நுழைந்திருந்தார்கள். கரி பூசிய நூறு முகங்களைப் பார்த்தால் அரசாங்கத்துக்கு மான் ஞாபகம் வராது, கலகம்தான் ஞாபகம் வரும்.

1485 ஆகஸ்டில் போஸ்வர்த் போர்க்களத்தில் மூன்றாம் ரிச்சர்டு வீழ்ந்து, ஏழாம் ஹென்றி அரியணை ஏறினார். அவருடைய முதல் நாடாளுமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் கூடியது. புதிய அரசன், உறுதியில்லாத அரியணை. அந்த முதல் கூட்டத்திலேயே ஒரு மான் வேட்டைச் சட்டம்! கென்ட், சர்ரே, சசெக்ஸ் மாவட்டங்களில் முகத்தில் சாயம் பூசியும் முகமூடி அணிந்தும், போருக்குப் போவது போல ஆயுதத்தோடு, இரவிலும் பகலிலும் சிலர் வேட்டையாடுகிறார்கள் என்று சட்டத்தின் முன்னுரையே புலம்புகிறது. இதனால் கலகமும் கொலையும் நடக்கின்றன என்றும் சொல்கிறது.

சட்டம் என்ன செய்தது என்று பாருங்கள். சந்தேகப்பட்டவனை நீதிபதி கூப்பிட்டு விசாரிப்பார். ‘ஆமாம், வேட்டையாடினேன்’ என்று ஒத்துக்கொண்டால் அது சிறுகுற்றம், அபராதம் கட்டிவிட்டுப் போகலாம். மறைத்தால் அது பெருங்குற்றம். பெருங்குற்றம் என்றால் அந்தக் காலத்தில் உயிர் போகிற விஷயம். அதுபோல, அடையாளம் தெரியாமல் இருக்க முகத்தை மறைத்துக்கொண்டோ, இரவு நேரத்திலோ வேட்டையாடியதாகத் தீர்ப்பானால் அதுவும் பெருங்குற்றத்துக்குச் சமம்.

மான் ஒன்றுதான். செயலும் ஒன்றுதான். ஒத்துக்கொண்டால் அபராதம், மறைத்தால் மரணம். நம் பையன் கேட்ட கேள்விக்கு 1485-ஆம் ஆண்டின் பதில் இது: பகலில் வந்தால் நீ திருடன், இரவில் வந்தால் நீ கலகக்காரன்.

1723: முகத்தில் பூசிய இருட்டு

இந்தக் கதையின் மிகக் கறுத்த பகுதி இதுதான். சற்று விரிவாகவே சொல்கிறேன்.

17-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் மான் பெரும்பாலும் வேலி போட்ட பூங்காக்களுக்குள் போய்விட்டது. 1671-இல் வந்த வேட்டைச் சட்டம் முயல், கௌதாரி போன்றவற்றை யார் வேட்டையாடலாம் என்று சொன்னது. ஆண்டுக்கு 100 பவுன் வருமானம் தரும் சொந்த நிலம் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. மான் அந்தப் பட்டியலில் இல்லை. காரணம், அது பூங்கா முதலாளியின் சொத்து ஆகிவிட்டது. 1690-களின் தொடக்கத்தில் வந்த சட்டப்படி மான் திருடினால் ஒரு மானுக்கு 30 பவுன் அபராதம். ஒரு கூலியாள் ஓராண்டு முழுக்க உழைத்தாலும் அவ்வளவு பார்க்க முடியாது. கட்ட முடியாதவன் ஓராண்டு சிறையில் இருந்து, சந்தையில் தண்டனைக் கட்டையில் கழுத்தை நீட்டி ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

1720-க்குப் பிறகு லண்டனுக்கு மேற்கே விண்ட்சர் வனத்திலும், தெற்கே ஹாம்ஷயரில் வின்செஸ்டர் பேராயத்தின் நிலங்களைச் சுற்றியும் கூட்டம் கூட்டமாக மான் வேட்டை தொடங்கியது. வந்தவர்கள் குதிரையில் வந்தார்கள், துப்பாக்கியோடு வந்தார்கள், முகத்தில் கரி பூசி வந்தார்கள். அதனால் மக்கள் அவர்களைக் ‘கறுப்பர்கள்’ என்று கூப்பிட்டார்கள். ஹாம்ஷயர் கூட்டத்தின் தலைவன் தன்னை ‘ஜான் அரசன்’ என்று அழைத்துக்கொண்டான்.

(மாணவர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் சட்டத்தைக் ‘கறுப்புச் சட்டம்’ என்று எழுதுவார்கள். அது நிறவெறிச் சட்டம் என்று ஒரு மாணவி எனக்கு அழகாக இரண்டு பக்கம் எழுதித் தந்தாள். இல்லை. வெள்ளைக்காரர்கள் முகத்தில் பூசிக்கொண்ட கரிதான் அந்தப் பெயருக்குக் காரணம்.)

1723 மே மாதம் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய விவாதம் எதுவும் இல்லை, சில வாரங்களில் முடிந்துவிட்டது. மான்கள் வழக்கமாக இருக்கும் வனத்திலோ பூங்காவிலோ, ஆயுதத்தோடு, முகத்தில் கரி பூசியோ வேறு வகையில் மறைத்தோ ஒருவன் தோன்றினால் போதும், மரண தண்டனை. மானைச் சுட வேண்டும் என்பதுகூட இல்லை, தோன்றினாலே போதும்! அத்தோடு நிற்கவில்லை. மீன் குளத்தின் கரையை உடைத்தால், மாட்டைக் கொன்றால், நட்டு வளர்த்த மரத்தை வெட்டினால், வைக்கோல் போரில் தீ வைத்தால், பெயர் போடாமல் மிரட்டல் கடிதம் எழுதினால், எல்லாவற்றுக்கும் தூக்கு. ஏறத்தாழ 50 குற்றங்களை இந்த ஒரே சட்டம் மரண தண்டனைக்குள் கொண்டு வந்தது என்று எண்ணியிருக்கிறார்கள். வேறு விதமாக எண்ணினால் 200-ஐத் தாண்டும் என்பவர்களும் உண்டு. அரசாணையில் பெயர் வந்தவன் 40 நாளுக்குள் சரணடையாவிட்டால், விசாரணையே இல்லாமல் அவன் குற்றவாளி ஆகிவிடுவான்.

1723 டிசம்பரில் லண்டன் டைபர்ன் தூக்குமேடையில் ஹாம்ஷயர் கறுப்பர்கள் ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். மான் வேட்டையின்போது காவலர்களோடு மோதல் ஏற்பட்டு ஒரு காவலர் சுடப்பட்டு இறந்திருந்தார். சுட்டது ஒருவன், தூக்கில் தொங்கியது ஏழு பேர். அவர்களில் ஒருவர் மதுக்கடை நடத்தியவர். இன்னொருவன் தையல்காரரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்த இளைஞன்.

கறுப்பர்கள் எல்லாரும் பசித்த ஏழைகள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் தந்தைக்கு மூத்த தாரத்தில் பிறந்த மகள் ஒருவர் உண்டு. அவருடைய கணவர் சார்ல்ஸ் ராக்கெட் மீதே மான் வேட்டைக் குற்றச்சாட்டு வந்தது. வசதியான குடும்பம்.

அப்படியானால் ஏன் செய்தார்கள்? இதில்தான் வரலாற்றாசிரியர்கள் முட்டிக்கொள்கிறார்கள். இ. பி. தாம்சன் 1975-இல் வெளியிட்ட நூலில் ஒரு விளக்கம் தந்தார். வனத்தில் வாழ்ந்த சிறு விவசாயிகளுக்கு மாடு மேய்க்க, கரிமண் வெட்ட, விறகு எடுக்க வழிவழியாக உரிமைகள் இருந்தன. அரசியல் செல்வாக்கோடு வந்த புதிய அதிகாரிகள் அந்த உரிமைகளை நெருக்கினார்கள். மான் பெருகியது, பயிரை மேய்ந்தது, யாரிடம் முறையிட்டும் பயனில்லை. மானைக் கொல்வது இறைச்சிக்காக மட்டும் அல்ல, அது ஒரு பதிலடி என்கிறார் தாம்சன். மாற்றுக் கருத்தும் உண்டு. நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஸ்டூவர்ட் அரச குடும்பத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு சதி நடந்துகொண்டிருந்த நேரம் அது, கறுப்பர்களில் சிலருக்கு அந்தச் சதியோடு தொடர்பு இருந்தது, எனவே அரசாங்கத்தின் பயம் வெறும் கற்பனை அல்ல என்று பிறகு வந்தவர்கள் வாதிட்டார்கள்.

தேர்வில் இரண்டு கருத்தையும் எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். என் சொந்தக் கருத்தைக் கேட்டால் நான் தாம்சன் பக்கம். சதிக்குப் பயந்து போட்ட சட்டம் என்றால் சதி அடங்கியதும் போயிருக்க வேண்டும். இது மூன்று ஆண்டுக்கு என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டு, திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு, 1758-இல் நிரந்தரமாக்கப்பட்டது. பெரும்பகுதி நீக்கப்பட்டது 1823-இல்தான். நூறு ஆண்டு! அதற்குள் மானோடு சம்பந்தமே இல்லாத எத்தனையோ வழக்குகளில் அது பயன்பட்டுவிட்டது. சொத்து வைத்திருப்பவர்களுக்குக் கைக்கு வசதியான ஆயுதம், யார்தான் கீழே வைப்பார்கள்?

ஆனால் தாம்சன் தன் நூலை இன்னொரு திசையில் முடித்தார். சட்டம் பணக்காரனின் கருவி என்று 250 பக்கத்துக்கு மேல் காட்டிவிட்டு, ஆனாலும் சட்டம் என்ற ஒன்று இருப்பதே ஆள்பவனின் கையையும் கொஞ்சம் கட்டுகிறது, அது மனித குலத்துக்கு நன்மைதான் என்றார். அவருடைய இடதுசாரி நண்பர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. நம் நீதிமன்றப் பாடத்தில் வரும் ‘சட்ட ஆட்சி’ என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விவாதம் எனக்குக் கிடைக்கவில்லை.

இரவுக்கு ஒரு வரையறை

1815-இல் நெப்போலியன் போர்கள் முடிந்தன. படையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை இல்லை. பொது நிலங்கள் வேலிக்குள் போய்விட்டன. கிராமத்து இளைஞர்கள் இரவில் முயலும் ஃபெசன்ட் கோழியும் பிடித்து லண்டன் வியாபாரிகளுக்கு விற்றார்கள். 1828-இல் ‘இரவு வேட்டைத் திருட்டுச் சட்டம்’ வந்தது. முதல் முறை பிடிபட்டால் மூன்று மாதக் கடுங்காவல் வரை, இரண்டாம் முறை ஆறு மாதம் வரை, மூன்றாம் முறை ஏழு ஆண்டு நாடுகடத்தலே கிடைக்கலாம். மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, ஒருவராவது ஆயுதம் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை நாடுகடத்தலாம். நாடுகடத்தல் என்றால் ஆஸ்திரேலியா. முயலுக்காகக் கப்பலேறியவர்கள் பலர் திரும்பி ஊரைப் பார்க்கவே இல்லை.

இந்தச் சட்டத்தின் பட்டியலில் மான் கிடையாது. மான் திருட்டுக்குத் தனி விதிகள் இருந்தன. பிறகு ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், இந்தச் சட்டம் இரவு என்றால் என்ன என்று நேர்த்தியாக வரையறுத்தது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் முடிந்ததிலிருந்து, சூரியன் உதிக்க ஒரு மணி நேரம் இருக்கும் வரை. அவ்வளவுதான்.

நமக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. நம் ஊரில் ஆண்டு முழுக்க ஏழு மணி வாக்கில் பொழுது சாய்கிறது. இங்கிலாந்தில் அப்படி இல்லை. லண்டனில் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஒன்பது மணிக்கு மேல்கூட வெளிச்சம் இருக்கும். கடிகாரத்தை வைத்துச் சட்டம் எழுதினால் பாதி ஆண்டு தப்பாகப் போகும். அதனால் சூரியனையே கடிகாரமாக வைத்தார்கள். மறைந்த பிறகு ஒரு மணி நேரம் ஏன் விட்டார்கள்? அந்த மங்கல் வெளிச்சத்தில் இன்னும் ஆளைப் பார்த்தால் அடையாளம் தெரியும்.

மான் பக்கம் திரும்பிய சட்டம்

இப்போது ஒரு நூற்றாண்டைத் தாண்டிப் போகிறோம். பூங்கா வேலிக்கு வெளியே, காட்டில் தானாகத் திரியும் மானுக்கு இங்கிலாந்துச் சட்டத்தில் சொந்தக்காரன் கிடையாது. சொந்தக்காரன் இல்லாததால் பாதுகாப்பும் கிடையாது. ஈனும் காலம், குட்டி பால் குடிக்கும் காலம் என்று எதையும் பார்க்காமல் சுட்டார்கள். மரம் வளர்ப்பவர்களுக்கு அது வெறும் தொல்லை. பறவை சுடும் குண்டுச் சிதறல் துப்பாக்கியால் சுட்டு, பாதி மான்கள் காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து செத்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இறைச்சிக்குப் பங்கீட்டு அட்டை. 1954 வரைக்கும் பிரிட்டனில் இறைச்சி பங்கீட்டில்தான் கிடைத்தது. மான் இறைச்சிக்கு நல்ல விலை. ஸ்காட்லாந்து மலைச்சாலைகளில் இரவில் வண்டியில் வந்து, பிரகாசமான விளக்கை அடித்து மான்களைச் சுடும் கும்பல்கள் கிளம்பின.

விளக்கு ஏன் என்பதை நான் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தில் வளர்ந்த என் அப்பா சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு பெரியவர்கள் காட்டோரம் போவார்களாம். வெளிச்சம் கண்ணில் பட்டதும் மான் ஓடாது, திகைத்துப்போய் அப்படியே நிற்கும். மானின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. இருட்டில் நன்றாகப் பார்க்க அதற்கு இயற்கை கொடுத்த வசதி. அதே வசதிதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. சுடுபவனுக்குத் தெரிவது இரண்டு மினுங்கும் புள்ளிகள் மட்டும். அது தாயா, குட்டியா, பின்னால் இன்னொரு மான் நிற்கிறதா, வீடு இருக்கிறதா, மனிதன் வருகிறானா, ஒன்றும் தெரியாது. குண்டு தப்பான இடத்தில் பட்டால் மான் ஓடிவிடும். பகலில் இரத்தத் துளியைப் பின்தொடர்ந்து போய் அதன் வேதனையை முடிக்கலாம். இருட்டில் எங்கே போய்த் தேடுவது? “காலையில போய்ப் பாத்தா எறும்பு மொய்ச்சுக் கிடக்கும்” என்பார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

1959-இல் ஸ்காட்லாந்துக்கும், 1963-இல் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மான் சட்டங்கள் வந்தன. மான் வகைக்கும் ஆண் பெண்ணுக்கும் ஏற்ப வேட்டை கூடாத மாதங்களைக் குறித்தார்கள். குண்டுச் சிதறல் துப்பாக்கிக்கும், கண்ணிக்கும், விஷத்துக்கும், அம்புக்கும் கட்டுப்பாடு வந்தது. எந்த அளவுத் துப்பாக்கி, எவ்வளவு விசை என்பதுவரை எழுதினார்கள். கூடவே இரவு வேட்டைத் தடை. இரவு என்றால்? சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் முடிந்ததிலிருந்து, உதிக்க ஒரு மணி நேரம் இருக்கும் வரை. 1828-இல் முயல் பிடிக்கிறவனை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப எழுதிய அதே வரையறை! 1991-ஆம் ஆண்டு மான் சட்டம் 1963-க்குப் பின் வந்தவற்றையெல்லாம் ஒன்றாகத் தொகுத்தது. அதன் 3-ஆம் பிரிவிலும் அதே வார்த்தைகள்தான் இருக்கின்றன.

வார்த்தை மாறவில்லை, ஆனால் அது காக்கும் ஆள் மாறிவிட்டார். முன்பு அந்த ஒரு மணி நேரம் காவலர் முகத்தை அடையாளம் காண்பதற்கு. இப்போது அது சுடுபவன் மானைச் சரியாகக் காண்பதற்கு. இன்னொன்றும் கவனியுங்கள்: தன் சொந்த நிலத்தில் இருக்கும் பிரபுவும் இப்போது இரவில் சுட முடியாது. 1217-இல் கொம்பு ஊதினால் போதும் என்று விடப்பட்டவர்களின் வாரிசுகளுக்கும் இதே தடைதான். தண்டனை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும். அபராதத்தின் உச்ச வரம்பை ஒவ்வொரு மானுக்கும் தனித்தனியாகக் கணக்கிடலாம்.

கதை இங்கே முடிந்தது என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் மான் பெருகிவிட்டது. ஓநாய் எப்போதோ அழிந்துவிட்டதால் அதைக் கட்டுப்படுத்த வேறு எதிரி இல்லை. பிரிட்டனில் இன்று சுமார் 20 இலட்சம் மான்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். நடுகிற மரக்கன்றை எல்லாம் அவை மேய்ந்துவிடுகின்றன. 2007-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டம் கொஞ்சம் தளர்ந்தது. பொதுமக்கள் பாதுகாப்பு, இயற்கைப் பாதுகாப்பு, கடுமையான சொத்துச் சேதம் போன்ற காரணங்களுக்காக உரிமம் வாங்கி இரவில் சுடலாம். ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய், 2023-இல் ஆண் மான்களுக்கான தடைமாதங்களை எடுத்துவிட்டது, இரவில் காட்டும் கண்ணாடிகளையும் அனுமதித்தது. ஆனாலும் இரவில் சுடத் தனி அனுமதி வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் விடவில்லை. வெப்பத்தை வைத்து மானின் முழு உருவத்தையும் காட்டும் கருவி வந்துவிட்ட பிறகு, இருட்டில் தெரியாது என்ற பழைய காரணம் எவ்வளவு காலம் நிற்கும் என்று அங்கே இப்போது வாதிடுகிறார்கள்.

நான்காவது வாரம் இதையெல்லாம் முடிந்தவரை சுருக்கி வகுப்பில் சொன்னேன். கொம்பு ஊதும் விதிக்குச் சிரித்தார்கள். ஏழு பேரைத் தூக்கிலிட்டதற்கு அமைதியாகிவிட்டார்கள். கேள்வி கேட்ட பையன் கடைசி வரை ஒன்றும் பேசவில்லை. மணி அடித்த பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“டீச்சர், ராத்திரியில ரோட்டுல கார் அடிச்சு ஒரு மான் துடிச்சுக்கிட்டுக் கிடந்தா? அப்பவும் காலையில வரைக்கும் காத்திருக்கணுமா?”

இந்தத் தடவை பதில் கையில் இருந்தது. 1991 சட்டத்தின் 6-ஆம் பிரிவைத் திறந்து காட்டினேன். அடிபட்ட அல்லது நோயுற்ற மானின் வேதனையைத் தடுப்பதற்காகச் செய்யும் செயலுக்கு இரவுத் தடை பொருந்தாது, தடைமாதமும் பொருந்தாது. அவன் அந்த ஆங்கில வரியை விரல் வைத்து மெதுவாக ஒரு தரம் படித்தான். “சரி டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.